சத்திரமா என்று கேட்டவர்களுக்கு

மதுரை ஜங்ஷனை விட்டு வெளியே வந்தால் எதிரே மங்கம்மா சத்திரம். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு அது ஒரு அடையாளக் கம்பம் மட்டுமாகத்தான் இருந்தது. "சத்திரத்துக்கிட்ட நில்லு, வந்துர்றேன்" என்று சொல்வோம், அவ்வளவுதான். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ராணி, வழிப்போக்கர்கள் தங்கட்டும் என்று ஏற்படுத்திய இடம் என்பதெல்லாம் பாடப்புத்தகத்தோடு முடிந்துபோனது.

2025 மே மாதம் 19-ஆம் தேதி அந்தச் சத்திரம் எனக்கு மறுபடி ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்கு உச்ச நீதிமன்றத்தில், தண்டனை முடிந்த இலங்கைத் தமிழர் ஒருவர் தன்னை நாடு கடத்த வேண்டாம் என்று கேட்டிருந்த மனு விசாரணைக்கு வந்தது. நூற்று நாற்பது கோடிப் பேரை வைத்துக்கொண்டு நாங்கள் திணறுகிறோம், உலகத்து அகதிகளுக்கெல்லாம் இந்தியா என்ன தர்மசத்திரமா என்கிற பொருளில் நீதிபதி வாய்மொழியாகக் கேட்டதாகச் செய்தி வந்தது. தீர்ப்பில் எழுதியது இல்லை, வாயால் சொன்னதுதான். அந்த மனுதாரரின் வழக்கும் சாதாரண வழக்கு இல்லை. சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் தண்டனை பெற்றவர். அதையெல்லாம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒற்றை வார்த்தை அன்று சாயங்காலமே வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிட்டது. எங்கள் தெருக் குழுவில் படித்தவர்கள், பென்ஷன் வாங்குகிறவர்கள், பையனை டெக்ஸாஸில் வைத்திருப்பவர்கள் எல்லாரும் கைதட்டல் பொம்மை போட்டார்கள். இந்தக் கட்டுரை அந்த நீதிபதிக்கு அல்ல. கைதட்டிய என் தெருக்காரர்களுக்கு.

*

முதலில் நான் பார்த்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் சில வருஷம் நிர்வாகப் பிரிவில் இருந்தேன். அந்த வட்டாரத்தில் 2010 வாக்கில் பெரிய கார் தொழிற்சாலை வந்த பிறகு, அதைச் சுற்றிச் சின்னதும் பெரியதுமாக ஏகப்பட்ட ஜப்பானியக் கம்பெனிகள் முளைத்தன. எங்கள் கம்பெனிக்கும் டோக்கியோவிலிருந்து, நகோயாவிலிருந்து என்று நான்கைந்து அதிகாரிகள் வருவார்கள். மூன்று வருஷம், ஐந்து வருஷம் இருப்பார்கள், போய்விடுவார்கள். அவர்களைக் கவனித்துக்கொள்வது என் வேலை.

விமான நிலையத்தில் காத்திருந்து கூட்டிக்கொண்டு வருவேன். சென்னையில் நல்ல அடுக்குமாடியில் வீடு பார்த்து, கம்பெனி பெயரில் ஒப்பந்தம் போடுவேன். வெளிநாட்டுக்காரர்கள் வந்த 14 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அந்தப் படிவத்தை நானே நிரப்பி இணையத்தில் ஏற்றுவேன். அவர் கையெழுத்து ஒன்று போட்டால் போதும். அப்புறம் கார், டிரைவர், குழந்தைக்குப் பள்ளிக்கூடம், மீன் வாங்கும் கடை. ஒருவர் மீனாட்சியம்மன் கோயில் பார்க்க வேண்டும் என்றார் என்பதற்காக மதுரைக்கே கூட்டிவந்து சுற்றிக் காட்டியிருக்கிறேன். ஓட்டலில் அவருக்கு சி ஃபாரம் நிரப்பினார்கள், அத்தோடு சரி.

நல்ல மனிதர்கள். காலையில் நம்மைப் பார்த்தால் தலை குனிந்து வணக்கம் சொல்வார்கள். அவர்கள் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. நான் சொல்ல வருவது வேறு. அவர்களை நாங்கள் 'எக்ஸ்பாட்' என்றுதான் அழைத்தோம். பத்து வருஷம் இருந்தாலும் எக்ஸ்பாட்தான். ஒருவரும் அவர்களை 'குடியேறி' என்று சொன்னதில்லை. அகதி என்ற சொல் அவர்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. தமிழில் ஒரு வார்த்தை தெரியாது, சாம்பார் பிடிக்காது, ஓட்டு வேண்டாம், ஊர் திரும்பும் தேதி கையில் இருக்கிறது. ஆனாலும் இந்த நாடு அவர்களுக்குக் கதவைத் திறந்துவைத்து, காவலுக்கு என்னைப் போல ஒரு ஆளையும் போட்டிருந்தது.

அந்த வேலையை விட்டுவிட்டு மதுரைக்கே திரும்பி, கூடல் நகர்ப் பக்கம் அப்பா கட்டிய வீட்டுக்குக் குடிவந்தேன். வெள்ளையடிக்க ஆள் தேடினேன். "ஆனையூர் கேம்ப்பு ஆளுங்க சுத்தமா பெயிண்ட் அடிப்பாங்க" என்றார் மளிகைக்கடைக்காரர். அப்படி வந்தவர்தான் நான் சொல்லப்போகிறவர். பேர் வேண்டாம். அவரை நான் அண்ணே என்பேன், அவர் என்னை அண்ணே என்பார்.

*

மூன்றாம் நாள் டீ குடிக்கும்போது கேட்டேன், "உங்களுக்கு எந்த ஊருண்ணே?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அதத்தாண்ணே எல்லாரும் கேக்கறாங்க. என்னத்தச் சொல்ல? எங்க தாத்தா இங்க மேலூர்ப் பக்கம். தேயிலை வேலைக்குப் போனாரு. எங்கப்பா பொறந்தது மலையில. எழுபத்தேழு கலவரத்துல அடிச்சு வெரட்டிட்டானுங்க, வவுனியாவுக்கு வந்தோம். தொண்ணூறுல படகேறி மண்டபம். இப்ப முப்பது வருஷத்துக்கு மேல ஆனையூரு. எந்த ஊருன்னு நீங்களே சொல்லுங்க."

யோசித்துப் பாருங்கள். தாத்தா புறப்பட்ட மாவட்டத்துக்கே பேரன் திரும்பி வந்து சேர்ந்திருக்கிறார். இடையில் நடந்தது என்ன? 1948-ல் இலங்கை ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டு மலையகத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். மிச்சமிருந்ததை 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்குப் பாதியாக, 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். ஆட்டு மந்தையைப் பங்கு பிரித்தால்கூட நாலு பேரிடம் கேட்டுவிட்டுத்தான் பிரிப்பார்கள். 1984-ல் தலைமன்னார் கப்பல் நின்றுபோனது. வர வேண்டியவர்களில் பலர் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். அப்புறம் அவர்களில் பலர் உயிர் தப்பக் கள்ளத்தோணியில் வந்தார்கள். கப்பலில் வந்திருந்தால் தாயகம் திரும்பியோர். தோணியில் வந்ததால் சட்டவிரோதக் குடியேறி.

அவர் மகன் 1996-ல் இங்கே, அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தவன். இஞ்சினியரிங் முடித்திருக்கிறான். வளாகத் தேர்வில் ஒரு கம்பெனி எடுத்தது. சான்றிதழ் சரிபார்க்கும்போது முகாம் முகவரியைப் பார்த்துவிட்டு, பாஸ்போர்ட் கேட்டார்கள். அதோடு முடிந்தது. "இப்ப எங்கூடதாண்ணே பட்டி பாக்க வர்றான். கை நல்லா ஓடுது அவனுக்கு," என்றார். மகனைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிற அதே குரலில்தான் சொன்னார். எனக்குத்தான் டீ இறங்கவில்லை.

*

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். நீங்களும் பாருங்கள், தலை சுற்றும்.

1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்த மண்ணில் பிறந்தால், அப்பா அம்மா யாராக இருந்தாலும் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். அதற்குப் பிறகு பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு பிறந்தவருக்கு, அப்பா அம்மாவில் ஒருவர் இந்தியராக இருந்தாலும் போதாது. இன்னொருவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. ஆக, ஒரே முகாமில், ஒரே தாய் வயிற்றில், 1986-ல் பிறந்த அண்ணன் இந்தியன், 1988-ல் பிறந்த தம்பி அந்நியன். இது கற்பனை இல்லை. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு கொடுக்கச் சொல்லி 2022-ல் நம் மதுரை உயர் நீதிமன்றக் கிளை உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டார். அவருடைய குடியுரிமை 36 வருஷமாக அவரிடமே இருந்திருக்கிறது, யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"சரி, இத்தனை வருஷம் இருக்காங்கள்ல, விண்ணப்பம் போட்டு வாங்கிக்க வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஒரு வெளிநாட்டுக்காரர் பன்னிரண்டு வருஷம் முறையாக இங்கே வாழ்ந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் விசா இல்லாமல் வந்தவர் சட்டவிரோதக் குடியேறி. அவர் எத்தனை வருஷம் இருந்தாலும் அந்தக் கதவு அவருக்கு இல்லை. வீடு எரியும்போது விசா வாங்கிக்கொண்டு ஓடி வா என்பதுதான் இதன் பொருள். 1951-ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவே இல்லை என்பதால், அகதி என்று நாம் வாயால் சொல்கிறோமே தவிர, நம் சட்டத்தில் அப்படி ஒரு ஆளே கிடையாது.

2019-ல் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 முடிவதற்குள் வந்த இந்துக்கள், சீக்கியர்கள், பௌத்தர்கள், சமணர்கள், பார்சிகள், கிறிஸ்தவர்கள் ஆகியோரைச் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருத மாட்டோம் என்றது. முஸ்லிம்கள் பட்டியலில் இல்லை என்று நாடே கொந்தளித்தது, கொந்தளித்தது நியாயம். ஆனால் அந்தப் பட்டியலில் இலங்கையும் இல்லை. இந்துக்களுக்காகவே போட்ட சட்டம் என்கிறார்கள். முகாமில் பிள்ளையார் கோயிலும் மாரியம்மன் கோயிலும் கட்டி ஆடியில் கூழ் ஊற்றுகிறவர்கள் எந்தக் கணக்கில் வருவார்கள்? மதத்தைப் பார்த்துக் கொடுப்பது தப்பு. மதத்தைப் பார்த்துக் கொடுக்கிறோம் என்று சொல்லிவிட்டு, தமிழன் என்றதும் அதையும் மறந்துபோவது இரண்டு தப்பு.

2025 செப்டம்பரில் ஒரு சின்ன அசைவு. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மீது, பாஸ்போர்ட் விசா இல்லை என்பதற்காக வழக்குப் போட மாட்டோம் என்று மத்திய அரசு ஒரு ஆணை போட்டது. நல்லது. ஆனால் ஜெயிலில் போட மாட்டேன் என்பது வேறு, நீ என் ஊர்க்காரன் என்பது வேறு.

*

மத்திய அரசை மட்டும் திட்டிவிட்டு எழுந்து போவது தமிழ்நாட்டில் சுலபமான வேலை. அதைச் செய்ய மாட்டேன்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு சட்டமன்றத்தில் 317 கோடி ரூபாய்க்குத் திட்டம் அறிவித்தது. 7,469 வீடுகள் புதிதாகக் கட்டுவோம் என்றார்கள். பல இடங்களில் கட்டியும் கொடுத்தார்கள். பத்தடிக்குப் பத்தடித் தகரக் கொட்டகையில் மூன்று தலைமுறை படுத்துக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த வீடுகளின் அருமை தெரியும். கூடவே, அகதிகள் முகாம் இனி 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று அழைக்கப்படும் என்றார்கள். பெயிண்ட் அடிக்கிற அண்ணன் அதைப் பற்றிச் சொன்னது: "போர்டுக்குப் புதுப் பெயிண்டு, நாந்தாண்ணே அடிச்சேன். ஆனா செக்கிங் அன்னைக்கி வரிசையில நிக்கிறது பழைய மாதிரிதான்."

செக்கிங் என்றால் ஆள் கணக்கெடுப்பு. குறித்த நாளில் குடும்பத்தோடு முகாமில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பதிவில் கோடு விழும், உதவித்தொகை நிற்கும். நம் ஊர்ப் பக்கத்திலேயே, திருமங்கலம் போகிற வழியில் உச்சப்பட்டி முகாமில், 2016 மார்ச்சில் ஒரு தகப்பன் உயிரை மாய்த்துக்கொண்டார். மகன் ஆஸ்பத்திரியில் இருந்ததால் கணக்கெடுப்புக்கு வர முடியவில்லை; அதில் அதிகாரியோடு ஏற்பட்ட வாக்குவாதத்தில் நொந்துபோய்ச் செத்தார். இரண்டு நாள் பேப்பரில் வந்தது. அப்புறம் சித்திரைத் திருவிழா வந்துவிட்டது.

அதே உச்சப்பட்டிக்குப் பக்கம்தான் தோப்பூர். எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டிய இடம். ஜப்பான் நாட்டுக் கடனில் கட்டுகிறார்கள். ஜப்பானின் பணம் கடல் தாண்டி வந்து நம் மண்ணில் கட்டடமாக நிற்கலாம். முப்பது மைல் கடலைத் தாண்டி வந்தவர் அதற்குப் பக்கத்திலேயே முப்பது வருஷம் நின்றாலும் ஒரு சென்ட் நிலம் தன் பெயரில் வாங்க முடியாது.

இதில் நம் பங்கு என்ன? "தொப்புள்கொடி உறவு" என்று மேடையில் கேட்டுக் கைதட்டியவர்கள் நாம். அந்த உறவுக்காரர் வாடகைக்கு வீடு கேட்டு வந்தால், "கேம்ப்பு ஆளா? போலீஸ் அது இதுன்னு வருவாங்க, வேணாம்ப்பா" என்று சொன்னவர்களும் நாம்தான். ஈழத்துக்காகத் தமிழகம் முழுக்கக் கடையடைப்பு நடத்திய கட்சிகளில் எத்தனை, ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் முகாம் வாசலில் போய்க் குடியுரிமைக்காகப் பத்து நாள் உட்கார்ந்தன? முகாமில் ஓட்டு இல்லை. ஓட்டு இல்லாத இடத்தில் மைக் செட்டுக்கு வேலை இல்லை.

*

எதிர்த்துச் சொல்லப்படுவதை எல்லாம் நான் கேட்டிருக்கிறேன். மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று, பாதுகாப்பு. 1991-ல் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததை மறக்க முடியுமா என்கிறார்கள். மறக்க வேண்டாம். ஆனால் அந்தக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்களே 2022-க்குள் உச்ச நீதிமன்ற உத்தரவில் விடுதலையாகிவிட்டார்கள். அந்த வருஷம் பிறந்திராத பிள்ளைகள் மட்டும் இன்னும் தண்டனை அனுபவிக்க வேண்டுமா? மேலும், கியூ பிரிவு போலீஸ் வருஷக்கணக்காக விரல் ரேகை முதல் மாமனார் பெயர் வரை எழுதிவைத்திருக்கிற ஜனங்கள் இவர்கள். தமிழ்நாட்டில் இவர்களைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிற ஆட்கள் அரசாங்கத்துக்கு வேறு யாரும் இல்லை.

இரண்டு, கொடுக்க ஆரம்பித்தால் வந்துகொண்டே இருப்பார்கள். எண்ணிக்கையைப் பாருங்கள். 1983-லிருந்து மூன்று லட்சத்துக்கும் மேல் வந்தார்கள். 2021-ல் அரசு சொன்ன கணக்குப்படி முகாம்களில் 58,822 பேர், வெளியே பதிவு செய்துகொண்டு 34,087 பேர். மற்றவர்கள் திரும்பிப் போனார்கள், அல்லது வேறு நாடு போனார்கள். மொத்தம் ஒரு லட்சத்துக்கும் கீழே. நூற்று நாற்பது கோடியில் இது எத்தனை பங்கு என்று பேரனிடம் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, கொஞ்சம் மரியாதையோடு பதில் சொல்ல வேண்டிய வாதம். இங்கே குடியுரிமை கொடுத்துவிட்டால் ஈழத்தில் தமிழரின் எண்ணிக்கை குறையும், நிலம் கைவிட்டுப் போகும், அவர்கள் திரும்பிப் போவதே நியாயம் என்று சொல்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கவலை உண்மையானது. போக நினைக்கிறவர்களைக் கௌரவமாக அனுப்பிவைக்க வேண்டும், காணியை மீட்டுத்தரவும் பேச வேண்டும். ஆனால் ஒரு கொள்கைக்காக இன்னொருவர் பிள்ளையைத் தகரக் கொட்டகையில் காவல் வைக்கும் உரிமை நமக்கு இல்லை. கனடாவிலும் லண்டனிலும் குடியுரிமை வாங்கிய ஈழத்தமிழரைப் பார்த்து யாரும் இப்படிச் சொல்வதில்லையே. ஆனையூர்க்காரர் மட்டும் ஏன் இனத்துக்காகப் பாஸ்போர்ட் இல்லாமல் இருக்க வேண்டும்?

*

கம்பெனியில் இருந்தபோது ஜப்பானியர் கதையைக் கொஞ்சம் படித்தேன். இன்றைக்கு எக்ஸ்பாட் என்று நாற்காலி போடுகிறோமே, அவர்களும் எப்போதும் அப்படி இருந்தவர்கள் இல்லை. போருக்கு முன்னால் பிலிப்பைன்ஸின் தாவாவ் நகரத்தைச் சுற்றிப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஜப்பானியர் அபாகா நார்த் தோட்டங்களில் வாழ்ந்தார்கள். பள்ளிக்கூடம், கடை, கோயில் என்று குட்டி ஜப்பானே இருந்தது. பலர் உள்ளூர்ப் பெண்களைக் கட்டினார்கள். ஜப்பான் தோற்றதும் அப்பாக்களைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். தாயோடு தங்கிய பிள்ளைகள் பழிக்குப் பயந்து பெயரை மாற்றி, காகிதங்களை எரித்து, மலைக்குள் ஒளிந்தார்கள். அவர்களில் பலர் எந்த நாட்டுக்காரர் என்றே பதிவில்லாமல் கிழவர்களாகி, ஜப்பான் நீதிமன்றங்களில் அடையாளம் கேட்டு நின்றார்கள்.

ஜப்பானும் கொடை வள்ளல் இல்லை. தன் ஆட்சியில் இருந்த கொரியர்களுக்கு 1952-ல் குடியுரிமையைப் பறித்தது. ஆனால் அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்து 1991-ல் சிறப்பு நிரந்தர வசிப்புரிமை என்று ஒன்றையாவது கொடுத்தது. அந்நியரை அண்டவிடாத நாடு என்று பெயரெடுத்த ஜப்பானுக்கே நாற்பது வருஷத்தில் அந்த அளவு மனம் இளகியது. நமக்கும் நாற்பது வருஷம் ஆகிவிட்டது.

*

மதுரைக்காரர்களுக்கு இதில் கூடுதலாக வெட்கம் வேண்டும். ஏனென்றால் இது வந்தவர்கள் கட்டிய ஊர். மகாலைக் கட்டிய திருமலை நாயக்கர் வீட்டில் பேசியது தெலுங்கு. மகாலைச் சுற்றித் தறி போட்ட சௌராஷ்டிரர்கள் விஜயநகரம் வழியாகத் தலைமுறை தலைமுறையாக நடந்து வந்தவர்கள். இன்றும் வீட்டுக்குள் அவர்கள் மொழிதான். அவர்கள் முடிச்சுப் போட்ட சுங்குடிச் சேலைக்கு 2005-ல் மதுரை என்ற பெயரிலேயே புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சமூகத்தில் பிறந்த டி.எம்.சௌந்தரராஜனின் குரல் இல்லாமல் இந்த ஊரில் ஒரு முருகன் கோயில் திருவிழா நடக்காது. அவர்களிடம் யாராவது எப்போது வந்தாய், காகிதம் எங்கே என்று கேட்டோமா?

அதற்கும் பின்னால் போனால், சிலப்பதிகாரம். புகாரிலிருந்து பிழைக்க வந்த கோவலனும் கண்ணகியும் கோட்டைக்கு வெளியே, புறஞ்சேரியில், மாதரி என்ற இடைச்சி வீட்டில் தங்கினார்கள். அவள் எதுவும் கேட்கவில்லை. கோட்டைக்குள் போன வெளியூர்க்காரனைத்தான், அவனுக்காகச் சாட்சி சொல்ல ஒரு ஆள் இல்லாத காரணத்தால், விசாரிக்காமல் வெட்டினார்கள். கற்பு, கோபம், தீ என்று நாம் ஆயிரம் பட்டிமன்றம் நடத்திவிட்டோம். வெளியூர்க்காரனை விசாரிக்காமல் தண்டித்ததால் இந்த ஊர் எரிந்தது என்று ஒரு பட்டிமன்றத்திலும் நான் கேட்டதில்லை. நம் முகாம்கள் இன்றும் புறஞ்சேரியில்தான் இருக்கின்றன.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. முகாமில் பிறந்தவர்களுக்கு, பிறந்த தேதி பார்க்காமல் குடியுரிமை கொடுங்கள். தாத்தா பாட்டி இந்தியாவிலிருந்து போனவர்கள் என்றால், அவர்களை இந்திய வம்சாவளியாகவே நடத்துங்கள். 2019 ஜூனில் 65 பேர் போட்ட வழக்கில் அவர்கள் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொல்லி நம் மதுரைக் கிளை உத்தரவிட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. மற்றவர்களுக்கு, போகிறாயா இருக்கிறாயா என்று கேட்டு, இருக்கிறேன் என்றால் காகிதம் கொடுங்கள். ஒரகடத்தில் நான் ஒரு ஜப்பானியருக்கு அரை நாளில் முடித்துக்கொடுத்த வேலை அது. அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும் இந்த மூன்றையும் கேளுங்கள். ஈழம் பற்றிப் பேசினால் நிறுத்தி, ஆனையூர் பற்றிக் கேளுங்கள்.

எங்கள் வீட்டு வேலை முடிந்து கிளம்பும்போது அண்ணன் மகன், சுவரில் ஒரு மூலையைக் காட்டி, "இங்க ஓதம் ஏறுது சார், அடுத்த வருசமே பெயர்ந்துரும். கூப்பிடுங்க, வந்து பாத்துத் தர்றேன்" என்றான். அடுத்த வருஷமும் இங்கேதான் இருப்போம் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. சொன்ன மாதிரியே பெயர்ந்தது. கூப்பிட்டேன், வந்தான். பட்டி பார்த்துக்கொண்டிருந்தவனிடம் வேலை ஏதாவது கிடைத்ததா என்று கேட்டேன். "அதே கேள்விதான் சார். பாஸ்போர்ட் இருக்கான்னு கேட்டாங்க," என்று சொல்லிவிட்டு, அடுத்த கைக்குப் பட்டியைக் குழைக்க ஆரம்பித்தான்.